இரண்டு பஞ்சாங்கங்கள்

இரண்டு பேர் ஒரே விஷயத்தைப் பற்றி மாறுபட்டுச் சொன்னால், அவர்களில் ஒருவர் பொய் சொல்லுகிறார் என்று முடிவு கட்டுவது நம் வழக்கம். ஆனால் இருவருமே யோக்கியர்களாக, இருவருமே தத்தம் ஏட்டைப் பிசகில்லாமல் படித்துச் சொல்லுகிறவர்களாக இருந்துவிட்டால் என்ன செய்வது? பொய்யனைத் தள்ளிவிடுவது சுலபம். யோக்கியன் ஒருவனைத் தள்ள நேரும்போதுதான் நமக்கு நியாயம் தேவைப்படுகிறது.

இந்தச் சங்கடத்தை நேரில் காண விரும்புகிறவர்கள் திருநள்ளாற்றுக்குப் போகலாம். காரைக்காலிலிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டர். மூலவர் தர்ப்பாரண்யேசுவரர், ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் சனீசுவரனை நாடித்தான் வருகிறார்கள். அவர் ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை வருஷம் ஆகிறது. ராசி மாறும் நாளில் நள தீர்த்தத்தில் நீராட ஜனங்கள் திரளுகிறார்கள். அந்த நாள் எது என்பதில்தான் தகராறு. திருக்கணிதப் பஞ்சாங்கம் 2023 ஜனவரி 17 என்றது. வாக்கியப் பஞ்சாங்கம் அதே வருஷம் டிசம்பர் 20 என்றது. அடுத்த பெயர்ச்சிக்கு முன்னது 2025 மார்ச் 29 என்றும், பின்னது 2026 மார்ச் 6 என்றும் குறித்தன. திருநள்ளாற்றுக் கோயில் வாக்கியத்தையே பின்பற்றுகிறது.

வாக்கியம் என்பது பழைய அட்டவணை. எழுத்துக்களுக்கு எண்மதிப்புக் கொடுத்து, கிரகங்களின் இருப்பைச் சிறு சிறு வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்துகொண்டார்கள். 1825-இல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற அதிகாரியின் முன்னே பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்தே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடங்கும் நேரம் சில நிமிஷங்களே பிசகிற்று. முடியும் நேரம் முக்கால் மணிக்கு மேல் தவறிற்று. திருக்கணிதமோ வானத்தைக் கண்ணால் பார்ப்பதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பது. அதுவும் நேற்று வந்த எண்ணம் அல்ல. கேரளத்துப் பரமேசுவரர் பல வருஷங்கள் கிரகணங்களைக் கவனித்து, 1431-லேயே 'திருக்கணிதம்' எழுதிவிட்டார்.

சந்திரன் ஒரு நாளில் பதின்மூன்று பாகை ஓடுகிறது. கணக்கு ஒரு பாகை தவறினால் இரண்டு மணி நேரம்கூட வித்தியாசம் வராது. சனியோ சராசரியாக மாதத்துக்கு ஒரு பாகைதான் நகருகிறது. அதே ஒரு பாகைத் தவறு அங்கே ஒரு மாதம்! மெதுவாக நடக்கிறவனைப் பற்றிய பிழைதான் பெரிதாகத் தெரிகிறது.

இது ஏட்டளவில் நிற்கும் சர்ச்சை அல்ல. 2025 ஆனியில் கும்பகோணத்திலிருந்து அங்கே போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் ஓர் அம்மாளும் அவருடைய மருமான் பையனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தை, உங்களுக்கு மகர ராசிதானே? மார்ச்சிலேயே ஏழரை முடிஞ்சு போச்சுன்னு செல்போன்லே போட்டிருக்கே! வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுடலாம்" என்றான் பையன்.

"கோயில்லே அடுத்த மாசிங்கிறாங்களேடா."

"அதுக்குள்ளே இன்னும் எத்தனை மாச வாடகை கொடுப்பீங்க?"

அம்மாள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மொத்தம் பதினோரு மாத வாடகை! ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா என்பது இங்கே கேள்வியில்லை. அந்த அம்மாளுக்கு உண்டு. இரண்டு ஏடுகளின் பிணக்குக்கு விலை கொடுத்தவர், இரண்டையும் எழுதாத அவர்தான்.

இந்தக் கதையைச் சிநேகிதர் ஒருவரின் மகனிடம் சொன்னேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். அவன் சிரித்தான். "மாமா, என் சம்பளமே இதற்குத்தான்" என்றான். அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்லுகிறேன்.

இப்போது பெரிய கணக்கேடுகள் ஓர் ஊரில் மட்டும் இருப்பதில்லை. 'க்ளவுட்' என்று சொல்லப்படும் ஏற்பாட்டில் ஒரே ஏட்டின் பிரதிகள் பல தேசங்களில் இருக்கின்றன. அவரவர் பக்கத்திலிருக்கும் பிரதியில் எழுதுகிறார்கள். பிரதிகள் பிறகு ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்ளுகின்றன. செய்தி போய்ச் சேருமுன் ஒரே பக்கத்தில் இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக எழுதிவிட்டால் பிணக்கு. அதைத் தீர்க்கச் சில சமயம் ஒரு சிறு நிரலை எழுதி வைக்கிறார்கள். 'சர்வர்லெஸ் ஃபங்ஷன்' என்று பெயர். அமெஸான் கம்பெனி 2014-இல் 'லாம்டா' என்ற பெயரில் இவ்வகையைக் கொண்டுவந்தது. அதற்கென்று நிரந்தரமாக ஒரு யந்திரம் ஒதுக்கி வைப்பதில்லை. பிணக்கு வந்தால் எழுப்புகிறார்கள், தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது. ஒரே வழக்கைச் சில சமயம் இரண்டு தரம் அதன் முன்னே நீட்டிவிடுவதும் உண்டாம். ஆகையால் எத்தனை தரம் கேட்டாலும் ஒரே தீர்ப்பைச் சொல்லும்படி எழுத வேண்டும். முன் வழக்கு அதற்கு நினைவிருக்கும் என்று நம்பக் கூடாது.

"தீர்ப்புக்கு விதி என்ன?" என்று கேட்டேன்.

"சாதாரணமாக, கடைசியில் எழுதினது நிற்கும்; மற்றது அழியும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி எது? லெஸ்லி லாம்போர்ட் என்ற அறிஞர் 1978-இல் ஒரு கட்டுரை எழுதினார். தமக்குள் எந்தச் செய்தியும் பரிமாறிக்கொள்ளாத இரண்டு இடங்களில் நடந்தவற்றில் எது முந்தியது என்று அந்தச் செய்திகளின் வரிசையைக் கொண்டு சொல்ல வழியில்லை என்று காட்டினார். கடிகாரங்களும் கொஞ்சம் கொஞ்சம் பிசகுகின்றன. அப்படியானால் 'பிந்தியது வெல்லும்' என்பது பல சமயம் வேகமாக ஓடும் கடிகாரம் வெல்லும் என்பதுதான்.

ஓர் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையில் நர்ஸ், "இவருக்குப் பென்சிலின் ஆகாது" என்று எழுதுகிறாள். அதே சமயத்தில் இன்னொரு கிளையில் குமாஸ்தா அந்த நோயாளியின் விலாசத்தைத் திருத்துகிறான். குமாஸ்தாவின் பக்கம் ஒரு விநாடி பிந்தியது. முழுப் பக்கமாக அதுவே நிற்கிறது. இருவரும் யோக்கியர்கள், இருவரும் எழுதியது உண்மை. ஆனாலும் ஓர் உயிரைக் காக்க வேண்டிய வரி அழிந்துவிட்டது; அழிந்தது யாருக்கும் தெரியவும் தெரியாது!

வேறு விதியும் உண்டு. அமெஸான் பொறியாளர்கள் 2007-இல் தங்கள் கடையின் கூடையைப் பற்றி எழுதினார்கள். பிரதிகள் மாறுபட்டால் இரண்டு கூடைகளையும் சேர்த்துவிடுவார்கள். வாங்கிப் போட்ட சாமான் தொலையாது. ஆனால் வேண்டாமென்று எடுத்தது சில சமயம் கூடைக்குத் திரும்பிவிடும். இதில் ஒளிவு மறைவு இல்லை. எந்தப் பிழையை ஏற்பது, எதை ஏற்கக் கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள்.

பிழையே இல்லாத விதி கிடைக்கும் என்று காத்திருப்பது வீண் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் கையில் இருப்பது, எந்தப் பிழை யார் தலையில் விழலாம் என்று தேர்ந்தெடுப்பதுதான். கடைக்காரனுக்கு ஒரு சோப்புக் கட்டி திரும்பி வருவது பெரிய நஷ்டமில்லை. நோயாளிக்குப் பழைய எச்சரிக்கை ஒன்று வீணாக நின்றாலும் பாதகமில்லை. புதியது ஒன்று அழிந்தால் ஆபத்து. தாங்கக்கூடியவன் தலையில் பிழை விழும்படி விதி செய்வதுதான் தர்மம். அதை நினைவில்லாத ஒரு நிரலிடம் ஒப்படைக்கலாம். ஆனால் அதை எழுதியவன் தன் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட முடியாது.

நம் தேசமே ஒருமுறை இந்தச் சோதனைக்கு ஆளாயிற்று. 1952-இல் மேகநாத் சாஹா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு அமைந்தது. நாட்டில் ஏறக்குறைய முப்பது பஞ்சாங்க முறைகள் வழங்குவதை அது கண்டது. 1955-இல் அறிக்கை தந்தது. 1957 மார்ச் 22 முதல் சர்க்கார் காரியங்களுக்கு ஒரு தேசிய நாட்காட்டி வந்தது. அதற்காகப் பழைய பஞ்சாங்கங்களை யாரும் கொளுத்தவில்லை. முப்பதோடு ஒன்று கூடிற்று என்று கேலி செய்யலாம். நான் அதை விவேகம் என்பேன். சர்க்கார் தன் காரியத்துக்கு ஒரு கணக்கைத் தேர்ந்துகொண்டது. மற்றவை பொய் என்று தீர்ப்பளிக்கவில்லை.

திருநள்ளாற்றுக் கோயிலும் அதையே செய்தது. 2025 மார்ச் நெருங்கியபோது, தாங்கள் வாக்கியக் கணக்கைப் பின்பற்றுவதாகவும், பெயர்ச்சி 2026-இல்தான் என்றும் பகிரங்கமாக அறிவித்தார்கள். எந்த ஏட்டின்படி என்று பெயர் சொன்னார்கள். மற்ற ஏடு இன்றும் கடைத்தெருவில் விற்கிறது. வேண்டுகிறவன் வாங்கி ஒப்பிட்டுக்கொள்ளலாம். வானத்தைப் பார்த்தால் திருக்கணிதத்தின் பக்கம் நியாயம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் சொல்லிவிட்டுத் தேர்ந்தவனிடம் நான் வழக்காட முடியும். சொல்லாமல் அழித்தவனிடம் எதைக் காட்டி வழக்காடுவேன்?

சிநேகிதரின் மகனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "தோற்ற வரியை என்ன செய்கிறாய்?"

"விதியால் தீர்க்க முடியாததைத் தனியாக ஒரு ஜாப்தாவில் வைக்க வசதி இருக்கிறது, மாமா. பிற்பாடு மனிதர் யாராவது பார்க்க வேண்டும். ஆனால் அதைத் திறந்து பார்க்கத்தான் யாருக்கும் அவகாசம் இருப்பதில்லை."

அந்த அவகாசத்துக்காக ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைப்பது வீண் செலவு என்று எந்தக் கம்பெனியும் சொல்லக்கூடும். பென்சிலின் ஆகாத அந்த நோயாளி அப்படிச் சொல்லமாட்டார்.