ஒலியின் மெய்ம்மையும் கேட்போர் கடனும்

மெய், பொய் என்னும் சொற்கள் கூற்றுகளுக்கு உரியவை. ஒருவர் கூறுவது மெய்யாகலாம், பொய்யாகலாம். ஆனால் ஓர் ஒலியை மெய்யென்றோ பொய்யென்றோ கூறுதல் பொருந்துமா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றலாம். எனினும், பதிவு செய்யப்பெற்ற இசையை மனிதர் வீட்டிலிருந்து கேட்கத் தொடங்கிய காலந்தொட்டு இது நடைமுறை வினாவாகவே இருந்துவருகின்றது. நல்ல ஒலிக்கருவியைக் குறிக்க வழங்கும் 'ஹைஃபை' என்னும் சொல்லின் விரிவை நோக்கின், அது 'உயர்ந்த விசுவாசம்' எனப் பொருள்படுவது தெரியவரும். விசுவாசம் நண்பரிடையேயும் கணவன் மனைவியரிடையேயும் எதிர்பார்க்கப்படும் பண்பு, மரப்பெட்டிக்கு உரியதன்று. பொறியியற் பொருளொன்றின்மீது அறவியற் சொல்லொன்று ஏற்றப்பட்டிருப்பது தற்செயலானதா, அன்றி அதனுள் ஓர் உண்மை பொதிந்துள்ளதா என்பது ஆராயத்தக்கது.

இதனை ஆராய்வதற்குப் பெரிய இசையரங்கு வேண்டியதில்லை. வீட்டின் அறையொன்றில் புதிய ஒலிபெருக்கிகள் இரண்டை அமைக்கும் செயலே போதுமானது. புத்தகத் தட்டில் வைக்கத்தக்க அளவினவாதலால் இச்சிறு பெட்டிகளுக்கு அத்தட்டின் பெயரே வழங்குகின்றது. ஆயினும் அத்தட்டு பெரும்பாலும் அவற்றுக்கு ஏற்ற இடமன்று. சுவரையும் மூலையையும் அணுக அணுகத் தாழ்ந்த சுருதிகள் பருத்து, பாடுவோர் குரல் பீப்பாவினுள்ளிருந்து வருவது போலாகும். சுவரிலிருந்து விலக்கினால் குரல் தெளியும். மிருதங்கத்தின் இடந்தலையோ மெலியும். எனவே, உறுதியான தாங்கிகளின் மீது, உயர்ந்த சுருதிகளை எழுப்பும் சிறு உறுப்பு செவிமட்டத்துக்கு வருமாறு அவற்றை நிறுத்துவர். இரு பெட்டிகளும் கேட்போரின் இருக்கையும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைதல் பொதுவிதி. உண்மையான வேலை அதன்பின்னரே தொடங்குகின்றது. ஒரு விரற்கிடை முன்னே நகர்த்துதல், இருந்து கேட்டல், எழுந்து சற்றே உட்புறம் திருப்புதல், மீண்டும் கேட்டல் என, ஒரு மாலைப்பொழுதுக்குரியதாகத் தோன்றிய வேலை வாரக்கணக்கில் நீள்வதுமுண்டு.

இவ்வாறு நகர்த்துவதால் மாறுவது பெட்டியன்று. பெட்டிக்கும் அறைக்கும் உள்ள உறவே. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் வேகத்திற் செல்வது. 4 மீற்றர் நீளமான அறையில், செக்கனுக்கு ஏறக்குறைய 43 அதிர்வுகள் கொண்ட சுருதி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலையலையாக நிற்கும். அதன் இருமடங்கான 86 அதிர்வுச் சுருதியும் அவ்வாறே நிற்கும். முன்னையது சுவரோரத்தில் உரத்தும் அறையின் நடுவில் மங்கியும் கேட்கும். பின்னையது நடுவிலும் உரத்து ஒலிக்கும். ஆகவே, ஒரே இசை இருக்கைக்கு இருக்கை வேறுபடுகின்றது. அறையின் இவ்வாட்சியை அளந்தறியும் வழியைக் காட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பௌதிகவியலாளர் வலஸ் சபின் ஆவார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், விரிவுரை விளங்காத மண்டபமொன்றைச் சீர்செய்யும் பணி 1895 இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பேசிய சொல் அம்மண்டபத்தில் ஐந்து செக்கனுக்கு மேல் தங்கி, அடுத்து வந்த சொற்களை விழுங்கியது. வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிற் கொணர்ந்து பரப்பி, ஓர்கன் குழலொன்றின் ஒலி தேய்ந்து மறையும் நேரத்தைச் சபின் அளந்தார். மெத்தைகளைப் போலவே மனித உடல்களும் ஒலியை உறிஞ்சும் அளவினை அவர் கணித்தார். கேட்போர் ஒலிக்குப் புறம்பே நிற்பவரல்லர். அவர் கேட்கும் ஒலியின் ஆக்கத்தில் அவருடைய உடலும் பங்குகொள்கின்றது.

விசுவாசம் என்பது ஒன்றனுக்கும் மற்றொன்றனுக்கும் இடைப்பட்ட தொடர்பு. அங்ஙனமாயின், ஒலிபெருக்கி எதற்கு விசுவாசமாக இருத்தல் வேண்டும்? 'மூல ஒலிக்கு' என்பது உடனே தோன்றும் விடை. இவ்விடையை மக்கள்முன் மெய்ப்பித்துக் காட்ட முயன்றோரும் உளர். தோமஸ் எடிசனின் நிறுவனம் 1915 முதல் சுமார் பத்தாண்டுக் காலம் இதற்கெனக் காட்சிகளை நடத்தியது. மேடையிற் பாடகர் நிற்பார். அருகே ஒலிக்கருவி நிற்கும். பாடகர் இடையில் வாய்மூடக் கருவி பாட்டைத் தொடரும். விளக்குகளை அணைத்தபின் பாடுவது யாரென அவையோர் மயங்கினர். இக்காட்சிகளிற் பங்குகொண்ட அன்னா கேஸ் என்னும் பாடகி, கருவியின் குரலுக்கு இசையுமாறு தம் குரலை மாற்றிப் பாடியதைப் பல்லாண்டுகளின் பின்னர் வெளிப்படையாகக் கூறினார். படி மூலத்தை ஒத்திருந்ததென அவையோர் வியந்தனர். உண்மையில் மூலமே படியை ஒத்திருந்தது. மனிதனும் கருவியும் ஒத்திருக்கக் காணுமிடத்து, இருவருள் இசைந்து கொடுத்தவர் யார் என்று வினவுதல் வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

மூலம் என்னும் கருத்தே பிறிதொரு வகையிலும் இடர்ப்படுகின்றது. கனடிய பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964 இல் மேடைக் கச்சேரிகளைக் கைவிட்டார். பதிவுக்கூடத்திற் பலமுறை வாசித்தவற்றை வெட்டி இணைத்து ஒன்றாக்குவதை அவர் முறையான கலைச்செயலாகவே கொண்டார். அத்தகைய பதிவுக்கு மூலமான நிகழ்ச்சி எந்நாளிலும் எந்த மண்டபத்திலும் நடைபெற்றதில்லை. கோயில் வீதிக்கென அமைந்த நாதசுவரத்தைப் பன்னிரண்டு அடி அறையில் அதே உரப்பில் ஒலிக்கச் செய்வதே விசுவாசமெனின், அவ்விசுவாசத்தைத் தாங்கும் செவி இராது. மேலும், பதிவு செய்யும் பொறியியலாளர் தம் கூடத்திலுள்ள ஒலிபெருக்கிகளின் வழியாகவே கேட்டுத் தீர்மானிக்கின்றார். அவ்வொலிபெருக்கிகள் நல்லனவா என்பதோ பதிவுகளைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. கனடிய ஒலியியலாளர் பிளொய்ட் டூல் இந்நிலையைக் 'குழப்ப வட்டம்' எனப் பெயரிட்டு விளக்கினார். வீட்டில் இருப்பவர் மூலத்தைக் கேட்டிலர். இனிக் கேட்கவும் இயலாது. அவரிடம் உள்ளது பதிவு ஒன்றே. எனவே அவர் காக்கக்கூடிய விசுவாசம் எதிர்மறையானது. பதிவில் இல்லாததைச் சேர்க்காமையும் உள்ளதை மறைக்காமையுமே அது.

இங்கு மற்றொரு புதிர் எழுகின்றது. பிரித்தானியப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931 இல் இருவழி ஒலிமுறைக்கு, அதாவது ஸ்டீரியோவுக்கு, காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அம்முறையில், இரு பெட்டிகளும் ஒரே ஒலியை ஒரே அளவில் எழுப்பும்போது, பாடுவோர் அவற்றின் நடுவே, ஒன்றுமில்லாத வெளியில் நின்று பாடுவதாகத் தோன்றும். கேட்போர் ஓரடி விலகின், அண்மைப் பெட்டியின் ஒலி ஏறக்குறைய ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு முந்தி வந்தடையும். பாடுவோரும் அப்பெட்டிக்குள் ஒடுங்கிவிடுவார். சைவசித்தாந்த அளவை நூலார் ஐயத்தையும் திரிபையும் காட்சியின் குற்றங்களாகக் கூறுவர். கயிற்றைப் பாம்பெனக் காண்டல் திரிபாயின், வெற்றிடத்திற் குரல் கேட்டலும் திரிபேயாகும். ஆயினும் இரண்டும் ஒரு தன்மையன அல்ல. கயிறு பாம்பெனத் தோன்றியவர் ஏமாறுகின்றார். இங்கோ, திரிபு எனத் தெரிந்தே, அதனூடாகத் தொலைவிலுள்ள மெய்யான பாடகரைச் சென்றடைய ஒருவர் முயல்கின்றார். தோற்றம் மெய்க்கு வழியாவதும் தடையாவதும் அதனைக் கொள்வோரின் கருத்தைப் பொறுத்தன.

கருத்தைப் பொறுத்ததெனின், கேட்போரின் நேர்மையே முதலிற் சோதிக்கப்படவேண்டியதாகின்றது. புதிதாகப் பொருள் வாங்கியவரின் செவி நடுநிலையுடையதன்று. கொடுத்த விலை, பெட்டியின் வனப்பு, விற்றவரின் சொல் யாவும் அவருடன் கூட இருந்து கேட்கின்றன. டூலும் ஷோன் ஒலிவும் 1994 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொண்டு மதிப்பிட்டவர்களே, அவற்றைத் திரையால் மறைத்தபோது வேறுவிதமாக மதிப்பிட்டனர். காணும்போது பெயரும் தோற்றமும் மதிப்பீட்டை ஆண்டன; காணாதபோதே செவி தன் தொழிலைச் செய்தது. இரு கருவிகளுள் சற்றே உரத்து ஒலிப்பது நல்லதெனத் தோன்றுவதும் அறிந்த உண்மை. ஆதலின் ஒப்பிடுமுன் இரண்டின் உரப்பையும் சமப்படுத்தல் வேண்டும். சில வாரங்களிற் பெட்டி 'பழகி' இனிமையடைந்துவிட்டதென்பர். பழகியது பெட்டியா, அதனைக் கேட்டவரா என்பதைச் செவி தானே தனக்குச் சான்றாக நின்று தீர்க்க இயலாது. வழக்காளியே நீதிபதியாக அமர்ந்த வழக்கு அது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இசை இன்பத்திற்குரியது, ஒருவருக்குப் பருத்த ஒலி பிடிக்குமாயின் அவர் பெட்டியை மூலையில் வைத்து மகிழட்டும், இதில் அறம் எங்கு வந்தது? இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. தம் அறையில் தம் விருப்பப்படி கேட்பவர் யாருக்கும் தீங்கு செய்தாரல்லர். ஆனால் விரும்புதல் வேறு, தீர்ப்புக் கூறுதல் வேறு. 'எனக்கு இவ்வாறு கேட்பதே விருப்பம்' என்பவர் உண்மையே உரைக்கின்றார். 'இப்பாடகரின் குரல் இத்தன்மையது' என்று அதே மூலையிலிருந்து தீர்ப்புக் கூறுபவரோ, அங்கில்லாத ஒருவரைப் பற்றிச் சான்று பகர்கின்றார். மறுமொழி கூற இயலாதவரைப் பற்றிய சான்றில் நேர்மை இரட்டிப்பாக வேண்டப்படும்.

இரண்டாவது மறுப்பு சமூக நோக்கிலிருந்து எழுவது. வால்ற்றர் பெஞ்சமின் 1936 இல் வெளியான கட்டுரையில், இயந்திரப் படியாக்கம் கலைப்பொருளின் தனித்த இருப்பைக் குலைப்பதை ஆராய்ந்து, அதில் மக்களுக்கு ஒரு விடுதலை வாய்ப்பையும் கண்டார். இரண்டாண்டுகளின் பின் தியடோர் அடோர்னோ, இசை பண்டமாகிய சூழலிற் கேட்டலே பின்னடைந்துவிட்டதென வாதிட்டார். இசையை மறந்து பெட்டியைப் போற்றுபவரை நோக்கின் அவ்வாதம் பொருத்தமானதே. ஆயினும் சிறு ஒலிபெருக்கியின் வரலாறு முழுவதும் ஆடம்பரத்தின் வரலாறன்று. எட்கர் வில்சர் 1954 இல், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, பெரும் பேழைகளுக்கே உரியதாயிருந்த தாழ்ந்த சுருதிகளைச் சிறு பெட்டியில் எழுப்பினார். சிறிய வீடுகளிலும் நல்லொலி புக அது வழிசெய்தது. பி.பி.சி. நிறுவனம் 1970களில் உருவாக்கிய, ஓரடி உயரமான எல்.எஸ்.3/5ஏ என்னும் பெட்டி, வெளிக்கள ஒலிபரப்பு வண்டியின் குறுகிய இடத்திற் பணியாற்றுவோர்க்கென அமைந்தது. குறையைக் கண்டுபிடிப்பதற்கான கருவியே பின்னர் வீடுகளில் இன்பத்திற்கான கருவியாயிற்று.

அந்நிறுவனத்தின் ஆய்வாளர் கையாண்ட ஒரு முறை இங்கு சிறப்பாக நோக்கற்பாலது. ஒலிபெருக்கியின் வழியாக மனிதக் குரலைக் கேட்டு, அதே பேச்சாளரை நேரிலும் கேட்டு அவர்கள் ஒப்பிட்டனர். இசைக்குழுவின் மூல ஒலியை வீட்டுக்குக் கொணர முடியாது. ஆனால் பழகிய குரலொன்று எவருக்கும் எட்டக்கூடியது. தாயின், துணையின், நண்பரின் குரலைப் பதிவு செய்து ஒலிக்கச் செய்து, அவரையே அருகிற் பேசச் செய்தால், மூக்கொலி மிகுந்ததா, நெஞ்சொலி பருத்ததா என்பது உடனே தெரியும். விலைமதிப்புள்ள அளவுகருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. வேண்டியது, அக்குரலை முன்னரே கவனித்துக் கேட்டிருத்தல். உடனிருப்போர் பேசுங்கால் செவிகொடாதவருக்கு இவ்வுரைகல் பயன்படாது. கருவியின் விசுவாசத்தை அளக்கும் கோல், மனிதரிடத்து முன்னரே செலுத்தப்பட்ட விசுவாசமாகவே அமைகின்றது. அறவியற் சொல் மரப்பெட்டியின்மீது ஏறியமைக்கு உரிய நியாயம் இதுவேயாகும்.

இதனால் வேறொரு கடனும் பெறப்படும். சமபக்க முக்கோணத்தின் மூன்றாம் முனையில் ஒருவரே அமரலாம். அவ்விடத்தைக் காக்கும்பொருட்டு அறைக்கதவைச் சாத்தி, பிள்ளைகளை வெளியே நிறுத்தி, வீட்டாரின் பேச்சை இரைச்சலெனக் கருதும் நிலை அரிதன்று. செம்மையாகக் கேட்பதற்குத் தனிமை சிறிது நேரம் தேவையே. அதனைக் குற்றமெனல் பொருந்தாது. ஆனால் அத்தனிமையே முடிவாகிவிடின், உரைகல்லை எறிந்துவிட்டுப் பொன்னை மாத்திரம் வைத்திருப்பவர் நிலையே கேட்போர்க்கும் நேரும். பக்கத்தே மற்றோர் இருக்கை இடப்படின் பாடகரின் தோற்றம் நடுவினின்று சிறிது விலகும். வந்தமர்ந்தவரின் உடல் ஒலியிற் சிறிது உறிஞ்சும். இவ்விரண்டு இழப்புகளும் அளந்து கூறக்கூடியவை, பெரியனவல்ல.

சைவசித்தாந்திகள் ஞானத்தின் படிகளைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என வகுத்தனர். கேட்டல் முதற்படியாக நின்றது, அது எளிதென்பதாலன்று; அதிற் பிழைத்தவர்க்கு ஏனையவை கைகூடா என்பதாலேயே. புதிய ஒலிபெருக்கிகளை விரற்கிடை விரற்கிடையாக நகர்த்துபவர், தம் விருப்பத்தைச் சற்றே விலக்கிவைத்துப் பிறர் குரலுக்கு இடமளிக்கப் பயில்வாராயின், அச்சிறு வேலை அறப்பயிற்சியாகும். தமக்கு இனிக்கும் ஒலியைத் தேடிப்பெற்று அதனை மெய்யெனச் சாதிப்பாராயின், எத்துணைச் சிறந்த கருவியும் அவருக்கு அவருடைய குரலையே மீண்டும் மீண்டும் ஒலித்துக் காட்டும்.