'இல்லை' என்பதற்கு என்ன சான்று?

கையடக்க வாயுப் பகுப்பாய்வுக் கருவிகளுக்காகச் சிலிக்கானில் நுண்குழல் செதுக்குவது என் தொழில். 1979-இலேயே ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் டெர்ரி குழுவினர் 5 செ.மீ. சில்லு ஒன்றில் ஒன்றரை மீட்டர் குழலைச் சுருட்டி அடக்கிவிட்டார்கள். ஆனால் குழல் குட்டையானால் கலவை சரியாகப் பிரியாது. மாதிரி குறைந்தால் உணரிக்கு எட்டாது. அப்போது திரை காட்டும் 'இல்லை'யை எப்படி நம்புவது?

தத்துவத்திலும் இதே கேள்வி உண்டு. குமாரில பட்டர் வழிவந்த மீமாம்சகர்கள் காணாமையையும் ஓர் அளவையாக, அதாவது அறியும் வழியாக, ஏற்றார்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும், பிறர் சொல்லும் அளவைகளைப் பட்டியலிடும்போது அபாவத்தை (இன்மையை) குறிப்பிடுகிறது. மீமாம்சகர்கள் கறாராக ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இருந்திருந்தால் தெரிந்தே தீர வேண்டும். இருட்டறையில் குடத்தைக் காணோம் என்பது சான்றாகாது.

அப்படி ஓர் இருட்டறை செவ்வாயிலும் இருந்தது. 1976-இல் வைக்கிங் விண்கலங்கள் செவ்வாய் மண்ணைச் சூடாக்கிச் சோதித்தன. அங்கே கரிமச் சேர்மமே இல்லை என்று பலர் முடிவுகட்டினார்கள். 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் அந்தக் கோளின் மண்ணில் பெர்குளோரேட்டைக் கண்டது. சூடேறினால் கரிமத்தைச் சிதைக்கும் உப்பு அது. தேடிய முறையே தேடிய பொருளை அழித்திருக்கலாம். (கடவுள் இல்லை என்று அடித்துப் பேசும் நண்பர்களிடமும், கண்டேன் என்பவர்களிடமும் நான் கருவியைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பேன்.)

குடிநீர்ச் சோதனை அறிக்கையில் 'ஆர்செனிக் இல்லை' என்று இருந்தால், எந்த அளவுக்குக் கீழே கருவிக்குத் தெரியாது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.