முகம் சாட்சி சொல்லுமா?

காவல் நிலையத்தில் இரண்டு இளைஞர்கள் அருகருகே உட்கார்ந்து தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் ஒரு பெண்ணை வன்கொடுமை செய்தவன். மற்றவன் அந்தப் பெண்ணின் சகோதரன். குற்றவாளியைப் பிடித்து இழுத்து வந்தவன். முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுவேன் என்று பீற்றிக்கொள்ளும் துப்பறிவாளர் பார்க் டூ-மானிடம், இதில் யார் எவன் என்று மேலதிகாரி கேட்கிறார். டூ-மான் உற்றுப் பார்க்கிறார். திரைக்கு முன்னால் இருப்பவரும் உற்றுப் பார்க்கிறார். காட்சி முடிந்துவிடுகிறது. விடை வருவதே இல்லை.

போங் ஜூன்-ஹோ இயக்கி 2003-ல் வெளிவந்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்தின் தொடக்கத்தில் வரும் சின்னக் காட்சி இது. சிரித்துவிட்டுக் கடந்து போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் படத்தின் மொத்தக் கேள்வியும் அந்த இரண்டு முகங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது: ஒரு மனிதன் செய்த பாவம் அவன் முகத்தில் எழுதியிருக்குமா?

கதை நிஜத்தில் நடந்தது. தென்கொரியாவின் கியோங்கி மாகாணத்தில், நெல்வயல்கள் சூழ்ந்த ஹ்வாசோங் வட்டாரத்தில், 1986 செப்டம்பர் முதல் 1991 ஏப்ரல் வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். கொலைகள் தொடங்கியபோது நாட்டை சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சி ஆண்டுகொண்டிருந்தது. கொலை நடக்கப்போகும் இரவில் காவலுக்கு ஆள் அனுப்புங்கள் என்று படத்தில் கேட்கிறார்கள். போலீஸ்காரர்கள் எல்லாரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போய்விட்டார்கள் என்று பதில் வருகிறது. அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படம் பார்த்தவர்களின் அபிப்பிராயங்கள் பெரும்பாலும் மூன்று வழியாகப் பிரியும். மெதுவாக ஊர்கிறது, கடைசியில் ஆளும் பிடிபடவில்லை, இரண்டு மணி நேரம் எதற்கு என்று சலித்துக்கொள்வது முதல் வகை. அந்தப் பிடிபடாமைதான் படத்தின் உயிர் என்று கொண்டாடுவது இரண்டாவது. மூன்றாவது வகையினர்தான் சுவாரசியமானவர்கள். "அந்தத் தொழிற்சாலைப் பையன்தான் செய்தான், சந்தேகமே இல்லை" என்று அடித்துச் சொல்வார்கள். பார்க் ஹியோன்-க்யூ என்ற அந்தப் பாத்திரத்தின் வெளிறிய முகம், மென்மையான கைகள், கேள்வி கேட்டால் சலனமே இல்லாத கண்கள் எல்லாவற்றையும் சாட்சிக்கு அழைப்பார்கள். டூ-மானின் முக ஜோசியத்தைப் பார்த்து முதல் பாதியில் சிரித்தவர்களும் இவர்கள்தான்.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று நம் ஊரிலும் சொல்கிறோம். மனத்தில் ஓடுவதை முகம் காட்டிவிடும் என்பதற்குக் 'குறிப்பறிதல்' அதிகாரத்தில் வள்ளுவரும் இடம் கொடுத்திருக்கிறார். கோபம், ஆசை, வருத்தம் எல்லாம் முகத்தில் தெரியும் என்பது அன்றாட அனுபவம், மறுக்க ஒன்றுமில்லை. இந்த நிமிடத்து உணர்ச்சியைப் படிக்கும் திறமையை, எப்போதோ செய்த செயலையும் படிக்கும் திறமை என்று எண்ணிக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது.

இந்த எண்ணத்துக்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டவர் இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்புரோசோ. பிறவிக் குற்றவாளியைத் தாடை, காது, நெற்றி மேடு இவற்றின் அமைப்பை வைத்தே அடையாளம் காணலாம் என்று 1876-ல் புத்தகம் போட்டார். ஐரோப்பா முழுக்க அது எடுபட்டது. இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்ற சிறை மருத்துவர் சுமார் மூவாயிரம் கைதிகளை அளந்து, மற்றவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டு, குற்றவாளி முகம் என்று தனியாக ஒரு முகம் கிடையாது என்று 1913-ல் எழுதினார். அதற்குள் எத்தனை பேர் காதின் அமைப்புக்காகச் சந்தேகிக்கப்பட்டார்களோ.

மத நூல்கள் இந்த விஷயத்தில் லொம்புரோசோவைவிட ஜாக்கிரதையானவை. விவிலியத்தில் சாமுவேல் தீர்க்கதரிசி ஈசாயின் பிள்ளைகளில் ஒருவனை அரசனாகத் தேர்ந்தெடுக்கப் போகிறார். மூத்தவன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்ததும் இவன்தான் என்று நினைக்கிறார். மனிதன் பார்ப்பது தோற்றத்தை, தான் பார்ப்பது இதயத்தை என்று கடவுள் தடுத்துவிடுகிறார். ஆடு மேய்க்கப் போன கடைக்குட்டி தாவீது தேர்வாகிறான். வேடிக்கை என்னவென்றால், அவன் கண்ணழகும் தோற்ற அழகும் உடையவன் என்று சில வரிகள் தள்ளி அதே அத்தியாயம் சொல்கிறது. முகத்தை நம்பாதே என்று எழுதிய கைக்கும் முகத்தை விட மனம் வரவில்லை.

பௌத்தக் கதை இன்னும் கூர்மையானது. கொன்றவர்களின் விரல்களை மாலையாகக் கோத்து அணிந்த அங்குலிமாலனைப் பிடிக்க, பசேநதி மன்னன் ஐந்நூறு குதிரை வீரர்களோடு கிளம்புகிறான். வழியில் புத்தரைப் பார்க்கிறான். அங்குலிமாலன் தலை மழித்துத் துறவியாக இருந்தால் என்ன செய்வாய் என்று புத்தர் கேட்க, வணங்குவேன் என்கிறான் மன்னன். இதோ இவர்தான் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் புத்தர் காட்டுகிறார். மன்னனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. அதுவரை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், ஒன்றும் தெரியவில்லை.

டூ-மானுக்கும் முகம்தான் வேண்டும். சந்தேகப் பேர்வழிகளின் புகைப்படங்களை நோட்டில் ஒட்டி வைத்து வெறித்துப் பார்க்கிறார். அதுவும் பலிக்காதபோது சாமியாடும் பெண்ணிடம் போகிறார். அவள் சொன்னபடி சம்பவ இடத்தில் காகிதத்தை விரித்துக் குற்றவாளியின் முகம் தெரிகிறதா என்று இருட்டில் காத்திருக்கிறார். வெற்றிலையில் மை போட்டுத் திருடனைப் பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

சியோலிலிருந்து வரும் துப்பறிவாளர் சியோ டே-யூன் நேர் எதிர். கோப்புகள் பொய் சொல்லாது என்பது அவர் மதம். மழை நாள், வானொலியில் நேயர் விருப்பமாக வரும் ஒரு பாட்டு என்று தடயங்களைக் கோத்து ஹியோன்-க்யூவிடம் வந்து சேர்கிறார். மரபணுச் சோதனைக்கு மாதிரி அமெரிக்காவுக்குப் போகிறது. பொருந்தவில்லை என்று முடிவு வருகிறது. அப்போது கோப்பை நம்பியவர் கோப்பையே மறுத்துத் துப்பாக்கியை எடுக்கிறார். ரயில் சுரங்க வாயிலில், கொட்டும் மழையில். முகத்தை நம்பிய டூ-மானோ அந்தப் பையனின் முகத்தைக் கையில் ஏந்தி, கண்ணுக்குள் பார்த்து, தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்கிற மாதிரி ஒன்று கேட்கிறார். நடிகர் சாங் காங்-ஹோ படப்பிடிப்பில் தானாகச் சேர்த்த வசனமாம். படத்தில் ஒரு முகம் தடயமாக இல்லாமல் வெறும் மனித முகமாகப் பார்க்கப்படும் முதல் இடம் இதுதான் என்று தோன்றுகிறது.

வினைப்பயனைத் தேடுகிறவர்களுக்கும் படத்தில் தீனி உண்டு. சந்தேகப் பேர்வழிகளைப் பூட்ஸ் காலால் உதைத்தே பழகிய காவலர் ஒருவருக்கு, அவர் உதைத்த குவாங்-ஹோவின் கையிலிருந்த கட்டையின் துருப்பிடித்த ஆணி காலில் ஏறி, அந்தக் காலையே வெட்டி எடுக்க வேண்டியதாகிறது. கணக்கு நேராகிவிட்டது என்று திருப்திப்படலாம். ஆனால் மனவளர்ச்சி குன்றிய அந்த குவாங்-ஹோ ரயிலில் அடிபட்டுச் சாகிறான். அவன் எந்தக் கணக்கில் வருகிறான்? கொல்லப்பட்ட பள்ளிச் சிறுமி? வினைக்கணக்கை அடுத்தவன் உடம்பில் எழுதிப் பார்ப்பதும் ஒருவகை முக ஜோசியம்தான்.

2019 செப்டம்பரில் நிஜக் கதை திரும்பி வந்தது. போங்கின் 'பாரசைட்' கான் விழாவில் தங்கப்பனை வென்று நான்கு மாதம்கூட ஆகவில்லை. பழைய சான்றுப் பொருள்களில் கிடைத்த மரபணு, லீ சுன்-ஜே என்ற ஆயுள் கைதியோடு பொருந்தியது. மனைவியின் தங்கையை 1994-ல் கொன்றதற்காக ஏற்கெனவே உள்ளே இருந்தவன். பதினான்கு கொலைகளை ஒப்புக்கொண்டான். 'அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் பதினைந்து ஆண்டுக் காலவரம்பு 2006-லேயே தீர்ந்துபோனதால் இந்தக் கொலைகளுக்காக அவனைத் தண்டிக்கச் சட்டத்தில் வழியில்லை. தெய்வம் நின்றது, அரசனின் கெடு முடிந்திருந்தது.

படத்தின் கடைசிக் காட்சியில் வேலையை விட்டு வியாபாரியாகிவிட்ட டூ-மான், முதல் உடல் கிடந்த வாய்க்காலைக் குனிந்து பார்க்கிறார். சில நாள் முன்பு இன்னொருவரும் வந்து இப்படித்தான் பார்த்தார் என்கிறாள் ஒரு சிறுமி. எப்படி இருந்தார் என்றால், சாதாரணமாக இருந்தார் என்கிறாள். டூ-மான் நிமிர்ந்து நேராக கேமராவைப் பார்க்கிறார். கொலையாளி என்றாவது இந்தப் படத்தைப் பார்ப்பான், அவன் கண்ணோடு இந்தக் கண் மோத வேண்டும் என்று எண்ணியே அப்படி எடுத்ததாக போங் சொல்லியிருக்கிறார்.

அவன் பார்த்தான். 2020 நவம்பரில் சுவோன் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தபோது, படத்தைப் பார்த்ததாகவும் அது தனக்கு வெறும் படமாகத்தான் இருந்தது என்றும் சொன்னான். அவன் முகத்தைப் படமெடுக்க நீதிமன்றம் அனுமதிக்கவில்லை.

அவன் வந்தது வேறொருவரின் மறுவிசாரணைக்கு. 1988-ல் நடந்த எட்டாவது கொலைக்கு மட்டும் மறு ஆண்டே ஆள் பிடிபட்டிருந்தார். போலியோவால் கால் ஊனமான 22 வயது இளைஞர். தூங்கவிடாமல் வாங்கிய வாக்குமூலம், ஆயுள் தண்டனை. மற்ற கொலைகளைப் பார்த்து யாரோ செய்தது என்று சொல்லி அந்தக் கோப்பு மூடப்பட்டது. 2003-ல் கொரியாவில் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானவர்கள் திரையரங்குக்குப் போய், கொலைகாரன் முகம் தெரியவில்லையே என்று ஆதங்கப்பட்டுக்கொண்டு வெளியே வந்தபோது அவர் சிறையில் இருந்தார். சுமார் 20 ஆண்டுகள் கழித்து, 2009-ல் பரோலில் வந்தார். 2020 டிசம்பர் 17 அன்று நிரபராதி என்று தீர்ப்பு வாசித்த நீதிபதி, நீதிமன்றத்தின் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.