காவல் யாருக்காக?

ஓர் உயிரைக் காப்பது அறம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், காக்கின்றவன் எதற்காகக் காக்கின்றான், அந்தக் காவலின் சுமையை எவர் தோளில் ஏற்றுகின்றான் என்று இரண்டு வினாக்களை எழுப்பிப் பாருங்கள். எளிதாகத் தோன்றிய அறம் அப்போது கடினமாகிவிடும். வானத்து மழையையும் கண்மாய் நீரையும் நம்பி வாழும் கரிசல் காட்டு மக்களாகிய நமக்கு இவ்வினாக்கள் தொலைவானவை அல்ல.

முதலில் ஒரு தூரதேசத்துச் செய்தியைக் காண்போம். அயர்லாந்தில் பெருநிலக்கிழார்களின் மாளிகைகளை ஒட்டி ஓடும் ஆறுகளில் சால்மன் என்னும் மீன் உண்டு. ஆற்றின் நன்னீரில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றையே தேடித் திரும்பி வருவது அதன் இயல்பு. அவ்வாறு ஆறு ஏறும் காலத்தில் அது இரை உண்பதில்லை. ஆயினும் இறகையும் பட்டு நூலையும் முள்ளில் கட்டி, பூச்சியைப் போலச் செய்து நீரில் வீசினால், சீறி வந்து கவ்விக் கொள்ளும். இந்த விளையாட்டுக்காகச் செல்வர்கள் பெரும் பணம் கட்டிக் கரையில் நாள்கணக்கில் நிற்கின்றார்கள்.

மீன் வளம் குன்றிப் போனதால், 2007-ஆம் ஆண்டு முதல் கடலில் மிதவை வலையிட்டு சால்மன் பிடிப்பதை அந்நாட்டு அரசு தடை செய்தது. தொழிலை இழந்த மீனவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. பல ஆறுகளில் தூண்டில்காரர், பிடித்த மீனை உயிருடன் திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும் என்பதும் விதியாயிற்று. ஆக, வயிற்றுக்காகப் பிடித்தவன் வலையைச் சுருட்டினான். பொழுதுபோக்குக்காகப் பிடித்தவன் தூண்டிலைத் தொடர்ந்து வீசுகின்றான். கோவில்பட்டிச் சந்தையில் மீன் கூடையுடன் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியிடம் இதனைச் சொன்னால், “விடுகிற மீனை எதுக்குய்யா பிடிக்கணும்?” என்றுதான் கேட்பார். அது மிகச் சரியான கேள்வி.

இஃது அயல்நாட்டார் வழக்கம் என்று ஒதுக்கிவிட இயலாது. நமது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதே கதை நடந்துள்ளது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் வீசும் கலையைப் பற்றி 1873-ல் ஒரு நூலே எழுதினார். 1879-ல் நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. குளிர்நாட்டு டிரவுட் மீன்களைக் கொணர்ந்து நீலகிரி ஓடைகளிலும், பின்னர் மூணாற்று மலை ஓடைகளிலும் விட்டனர் ஆங்கிலேயர்.

மூணாற்றின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1877-ல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பவர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். பிற்காலத்தில் அவை தேயிலைத் தோட்டங்களாயின. ஆயினும் இரவிகுளம் என்னும் உயர்ந்த புல்வெளியில் தேயிலை நடாமல், துரைமார்கள் தங்கள் வேட்டைக்கும் தூண்டிலுக்கும் உரிய இடமாக ஒதுக்கி வைத்தனர். மலைவாழ் முதுவர்களைக் காவலர்களாக அமர்த்தினர். 1971-ல் கேரள அரசு சட்டம் இயற்றி, தோட்டமாக்கப்படாத நிலங்களை மீட்டுக் கொண்டது. இரவிகுளம் 1975-ல் சரணாலயமாகவும், 1978-ல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அவ்விடம்தான், தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு இன்று உலகிலேயே மிகுதியாக வாழும் இடம்.

இங்கே அறநூல் கற்றவனுக்கு ஒரு தடுமாற்றம் ஏற்படும். செயலின் மதிப்பு நிய்யத்தைப் பொறுத்தது என்று படித்தவர்கள் நாம். சுட்டு மகிழ்வதற்காக விலங்கைக் காத்தவனுக்கு மறுமையில் நற்கூலி உண்டா? அதனை இறைவனே அறிவான். ஆனால் காப்பாற்றப்பட்ட வரையாடு, தன்னைக் காத்தவனின் நிய்யத்தைக் கேட்பதில்லை. எண்ணம் எதுவாயினும் விளைந்த நன்மை நன்மையே. அதனை மறுப்பது நீதியன்று.

அப்படியானால் எண்ணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லையா? வேண்டும். எண்ணத்தின் குறை, செயலின் ஏதேனும் ஒரு மூலையில் வெளிப்பட்டே தீரும். வேட்டைக்காகக் காப்பவன், வேட்டைக்கு உதவுவதை மட்டுமே காப்பான். எந்த மலையின் வரையாட்டைக் காத்தார்களோ, அதே மலையின் ஓடைகளில் அங்கே பிறவாத டிரவுட்டையும் விட்டார்கள். அந்த மீன் பிற நீர்ப்பூச்சிகளையும் சிறு மீன்களையும் தின்று வளர்வது. தூண்டிலுக்குப் பயன்படாத சிறு மீனுக்காக அன்று எவரும் சட்டம் இயற்றவில்லை.

இனி, பிடித்துப் பின் விடுவதைப் பார்ப்போம். நீரில் வாழ்வனவற்றைப் பிடித்து உண்பது நமக்கு ஹலால். உணவுக்காக வேட்டையாடுவதும் ஆகுமானது. ஆனால் உயிருள்ள ஒன்றைக் கட்டி வைத்து அம்பெய்யும் இலக்காக ஆக்குவதைப் பெருமானார் (ஸல்) கடிந்து தடுத்தார்கள். வீண் விளையாட்டுக்காக வேட்டையாடுவதை ஃபிக்ஹு அறிஞர்கள் வெறுத்துள்ளார்கள். முள்ளில் மாட்டித் துடிக்கும் மீன், உண்பவனுக்கு உணவாகின்றது. விளையாடுபவனுக்கு அதன் துடிப்பே இன்பமாகின்றது. பின்னர் நீரில் விட்டுவிடுவதனால் அந்தத் துடிப்பு இல்லாமற் போவதில்லை. தூண்டில்காரர் கட்டும் பணத்தால்தான் ஆறு காக்கப்படுகின்றது என்று அவர்கள் தரப்பில் கூறுவார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் துன்புறுத்தும் உரிமையை விலைக்கு விற்றால்தான் காவல் நடக்கும் என்றால், குறை மீனிடம் இல்லை. நம் ஈகையில் இருக்கின்றது.

எனவே, வேலியிட்டுக் காப்பதே தவறு என்று சொல்லலாமா? கூடாது. இஸ்லாமிய வரலாற்றில் ‘ஹிமா’ என்றொரு முறை உண்டு. மேய்ச்சல் நிலத்தை வேலியிட்டுக் காப்பதே ஹிமா. அறியாமைக் காலத்தில் குலத் தலைவன் ஒருவன் நாயைக் குரைக்கச் செய்து, அக்குரல் எட்டும் தூரம் வரை தனக்கே உரியது என்று ஒதுக்கிக் கொள்வானாம். பெருமானார் (ஸல்) அத்தனியுரிமையை ஒழித்து, ஹிமா என்பது பொது நன்மைக்கு மட்டுமே உரியது என்று ஆக்கினார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹுனைய் என்ற தம் ஊழியரை ஒரு ஹிமாவுக்குக் காவலராக நியமித்தபோது இட்ட கட்டளை, புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஆடுகளும் சில ஒட்டகங்களுமே உடைய ஏழையை உள்ளே விடச் சொன்னார்கள். இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகிய செல்வர்களின் மந்தைகளை விடாதபடி எச்சரித்தார்கள். அவ்விருவரும் சிறப்பு மிக்க நபித்தோழர்கள். அவர்கள்மீது உமருக்கு வெறுப்பா? இல்லை. மந்தை அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் உண்டு. ஏழையோ தன் மக்களை அழைத்துக் கொண்டு கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பான் என்பதே அவர்கள் காட்டிய காரணம். வேலி இருந்தது, ஆனால் அதன் வாயில் ஏழையின் பக்கம் திறந்திருந்தது.

இந்த அளவுகோலை மூணாற்றில் வைத்துப் பாருங்கள். அத்தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் யார்? மழை பொய்த்த ஆண்டுகளில் நம் கோவில்பட்டி, கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே மலையேறிய மக்களே அவர்களுள் பலர். 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, இரவிகுளத்தை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள் மாண்டன. அவர்களுள் பலரின் பூர்வீகம் கயத்தாறு. மழை எவருடைய குற்றமும் அன்று. ஆயினும், புல்வெளி விலங்குக்கு நூறாண்டுகளுக்கு மேலாகக் காவல் நின்ற மலையில், மனிதன் எங்கே உறங்குகின்றான், அவ்விடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பதும் காவலின் ஒரு பகுதியன்றோ?

நம் ஊர்ப்புறத்திலும் இதே வினா உண்டு. வல்லநாட்டில் 1987 முதல் வெளிமானுக்குச் சரணாலயம் இருக்கின்றது. அது நமக்குப் பெருமை. ஆனால் காட்டுப் பன்றியும் மானும் இறங்கி மக்காச்சோளத்தை அழிக்கும்போது, இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரன் தனியாகவே அழுகின்றான். காவலின் பெயர் அனைவருக்கும், அதன் இழப்பு அவன் ஒருவனுக்கு என்றால், நாளடைவில் அவன் அந்த மானையே பகையாகக் கருதுவான். இழப்பீடு தாமதமின்றிக் கிடைப்பது அவனுக்குச் செய்யும் சலுகை அன்று. மானுக்குச் செய்யும் காவலே ஆகும்.

கண்மாய்க்கு வருவோம். மழை பெய்து நீர் நிறைந்ததும் மீன்பாசிக் குத்தகை ஏலம் போகின்றது. குத்தகை எடுத்தவர் குஞ்சுகளை வாங்கி விட்டு, காவலும் போட்டு உழைக்கின்றார். அவருடைய உழைப்புக்குப் பயன் உண்டு. ஆனால், பெரிய நீர்நிலையில் பிடிபடாமல் திரியும் மீனை விற்பதை ஃபிக்ஹு நூலோர் ஏற்கவில்லை என்பதையும், பிடிக்கும் வரை அம்மீன் எவருக்கும் முழு உடைமை ஆவதில்லை என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே, ஒரு மூங்கில் கழியும் மண்புழுவும் கொண்டு கரையில் அமரும் சிறுவனைத் திருடனைப் போல் விரட்டுவது முறையன்று. கோடையில் கண்மாய் வற்றும் முன்னர், கடைசி நீரில் ஊரார் ஒன்றுகூடி மீன் பிடிக்கும் நாளொன்றை விட்டுக் கொடுப்பது, குத்தகைதாரருக்குப் பெரும் இழப்பும் ஆகாது. அதேபோல், சினை மீனையும் பொடிக் குஞ்சையும் அரித்தெடுக்கும் கொசுவலையை ஊராரும் தாமே விலக்கிக் கொள்ள வேண்டும். உரிமை கேட்பவனுக்கும் அதில் பங்கு உண்டு.

நம் வாசகர்களுள் கண்மாய்க் குத்தகை எடுப்பவர்கள் இருக்கலாம். வக்ஃபு நிலத்தையும் ஊருணியையும் நிர்வகிப்பவர்கள் இருக்கலாம். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. எதற்கு வேலியிட்டாலும், ஹுனைய்க்கு உமர் (ரலி) இட்ட கட்டளையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தடுக்கப்பட்டவனுக்குப் போக வேறு இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், அவனுக்காக வாயிலைத் திறந்து வையுங்கள்.