மூன்று பவுண் கணக்கு

ஜனவரி பிறந்தால் எமது வீட்டு மேசையில் பற்றுச்சீட்டுப் பைகள் குவியத் தொடங்கும். 31 ஆந் திகதிக்கு முன்னர் பிரித்தானிய வரிக் கணக்கை அனுப்பிவிட வேண்டும் என்பதால், தெரிந்தவர்கள் எல்லோரும் அப்போதுதான் எம்மை நினைத்துக்கொள்வார்கள். இம்முறை வந்தவர்களுள் ஒரு தம்பியும் இருந்தார். பகலில் வேறு வேலை பார்ப்பவர். எமது பிள்ளைகள் தமிழ் எழுத்துக்களைக் கேட்டும் எழுதியும் பழகுவதற்கென்று இரவில் கண்விழித்து ஒரு செயலி செய்திருந்தார். விலை 2.99 பவுண். ஒருமுறை கட்டினால் போதும், விளம்பரம் கிடையாது.

அவருடைய பையைத் திறந்தபோது எமக்குக் கூச்சமாக இருந்தது. காரணம், அந்தச் செயலியை நாம் வாங்கவில்லை. சில வருடங்களுக்கு முன் மகளுக்குத் தமிழ் பழக்கவென்று தேடியபோது அதைக் கண்டோம். கண்டுவிட்டு, இதேபோல் இலவசமாக ஒன்று இராதா என்று மேலும் ஒரு மணி நேரம் தேடினோம். கிடைத்தது. 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் இடையில் சூதாட்ட விளம்பரம் வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டோம். எமது ஒரு மணி நேரத்துக்கு மற்றவர்களிடம் எவ்வளவு கேட்கிறோம் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறோம்.

தம்பியின் கணக்கு இதுதான். 2.99 பவுணில் 20 வீதப் பெறுமதி சேர் வரி அடக்கம். அதைக் கழித்தால் 2.49. அதில் 15 வீதம் அப்பிள் நிறுவனத்தின் கடைத் தரகு. பெரியவர்களுக்கு அது 30 வீதம், 2021 முதல் சிறியவர்களுக்குப் பாதி. மிஞ்சுவது 2 பவுண் 12 பென்ஸ். செயலியைக் கடையில் வைத்திருப்பதற்கு வருடந்தோறும் 99 அமெரிக்க டொலர் வேறு. உச்சரிப்பைப் பதிவு செய்ய ஒலிவாங்கி வாங்கிய சீட்டும் இருந்தது. அவருடைய இரவுகளுக்கு மட்டும் எங்கும் ஒரு சதமும் எழுதப்படவில்லை. வரவு 1,000 பவுணைத் தாண்டாதபடியால் அதை அறிவிக்கவே தேவையில்லை.

"தம்பி, உமக்கு வரி இல்லை" என்றோம்.

"அப்ப நல்லதுதானே அண்ணை" என்று சிரித்தார். அடுத்த வருடம் அந்த 99 டொலரைக் கட்டுவதா விடுவதா என்று யோசிப்பதாகவும் சொன்னார்.

இலவசத்தை இழிவாகப் பேச எமக்கு உரிமையில்லை. அகதியாக வந்த முதற் குளிர்காலத்தில் நாம் போட்ட மேலங்கி யாரோ கொடுத்தது. கணக்கியல் மென்பொருளைப் பழகியதும் நண்பர் ஒருவர் பிரதி எடுத்துத் தந்த இறுவட்டில்தான். அது சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரியும். கையில் பணமும் இல்லை, அதிகம் வெட்கப்படவும் இல்லை. இன்றும் கையில் இல்லாதவர் இலவசமானதைத் தேடுவதில் ஒரு பிழையும் காணோம். எம் கேள்வி, இருந்தும் தேடுகிறவர்களைப் பற்றியது.

கோவில் அன்னதானத்தில் பந்தியில் இருக்கும்போது, இன்றைய உபயம் யாருடையது என்று பக்கத்தில் கேட்கிறோம். சோறு தானாக வந்ததென்று ஒருவரும் நினைப்பதில்லை. கைத்தொலைபேசியில் வருவதற்கு மட்டும் உபயகாரரைக் கேட்க எமக்குத் தோன்றுவதில்லை. சில இடங்களில் அவர் விளம்பரதாரர். அங்கே பந்தியில் இருப்பது நாமா, இலையில் இருப்பது நாமா என்பது வேறு விடயம். சில இடங்களில் உண்மையான கொடையாளர். சிக்னல் என்னும் தகவற் செயலி அப்படியானது. வட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவருள் ஒருவரான பிரையன் அக்டன் 2018 இல் அதற்கு 50 மில்லியன் டொலரை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தார். இன்றும் அது இலவசம்தான், விரும்பியவர் நன்கொடை கொடுக்கலாம்.

உபயகாரரே இல்லாத இலவசமும் உண்டு. இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது எமது இரகசியச் சொல்லைப் பூட்டிக் காக்கும் மென்பொருள்களுள் ஓப்பின் எஸ்எஸ்எல் ஒன்று. உலகெங்கும் பெரிய நிறுவனங்கள் அதைச் சும்மா பாவித்தன. 2014 ஏப்ரலில் அதில் பெரும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டபோதுதான், முழுநேரமாக அதைப் பார்த்தவர் ஒரேயொருவர் என்பதும், வருடத்துக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர் என்பதும் பரவலாகத் தெரியவந்தது. அதன் பிறகே அந்நிறுவனங்கள் பணம் ஒதுக்கின. திருட்டு நடந்த பின் காவற்காரனுக்குச் சம்பளம் பேசுவது எமது ஊர்ச் சங்கங்களுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல என்று அப்போது ஓர் அற்ப ஆறுதல் ஏற்பட்டது.

காசு கட்டினால் எல்லாம் நேர்மையாக நடக்கும் என்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு மறந்துபோன சந்தா, வருடக்கணக்காக வங்கியிலிருந்து கழிவதை மற்றவர்களின் கணக்குகளில் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அந்த வியாபாரத்துக்கு ஒரு பென்ஸும் கடன்படவில்லை. ஆனால் தம்பியின் செயலி அப்படிப்பட்டதல்ல. அது எமக்காகவே செய்யப்பட்டது. நாமும் வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவது? எம்மைப் போலத்தான் மற்ற வீடுகளிலும் அந்த ஒரு மணி நேரத் தேடல் நடந்திருக்கும்.

தம்பி போன பின்னர் 2.99 பவுணைக் கட்டி, செயலியை இறக்கி மகளிடம் கொடுத்தோம். அவளுக்கு இப்போது பதினொரு வயது. சூதாட்ட விளம்பரங்களின் நடுவே எழுத்தெல்லாம் எப்போதோ பழகிவிட்டாள். இரண்டு மூன்று தடவை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"இது சின்னப் பிள்ளையளுக்கு அப்பா. நான் சின்னனாய் இருக்கேக்க ஏன் வாங்கேல்லை?" என்று கேட்டாள்.