தெரியாது என்று சொல்லும் அறம்

ஒரு மனிதர். வயது அறுபத்தைந்து என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் காலையில் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது வலது கை சோர்ந்து விழுகிறது. பேச வாயெடுக்கிறார், சொல் வரவில்லை. அரை மணித்தியாலத்தில் எல்லாம் பழையபடி சரியாகிவிடுகிறது. வைத்தியசாலையில் கழுத்தைப் பரிசோதிக்கிறார்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இடப்பக்கத்துக் கரோட்டிட் நாடி, கொழுப்புப் படிவினால் முக்கால்வாசி அடைபட்டிருக்கிறது. வந்தது ஓர் எச்சரிக்கை. அடுத்து வருவது முழுப் பாரிசவாதமாக இருக்கலாம்.

"டொக்டர், எனக்கு ஒபரேஷன் நல்லதா, மருந்து நல்லதா?" என்று கேட்கிறார் அவர்.

வைத்தியர் சொல்கிறார்: "எனக்குத் தெரியாது. இன்றைக்கு எவருக்கும் தெரியாது. நீங்கள் சம்மதித்தால், உங்களுக்கு எந்தச் சிகிச்சை என்பதை ஒரு குலுக்கலுக்கு விட்டுவிடுவோம்."

இது கற்பனை உரையாடல்தான். ஆனால், 1988 தொடக்கம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐம்பது வைத்தியசாலைகளில் ஏறத்தாழ இதே பொருளில் நோயாளிகளிடம் பேசப்பட்டது. இந்த வைத்தியரை நாம் எப்படி மதிப்பிடுவது? பொறுப்பைத் தட்டிக்கழித்தவர் என்றா, நேர்மையாளர் என்றா? ஓர் உயிரைக் குலுக்கலில் விடுவதற்கு அவருக்கு யார் அதிகாரம் தந்தது?

முதற் பார்வையில் இது அநியாயமாகவே தோன்றும். நோயாளி வைத்தியரிடம் போவது அவர் அறிந்தவர் என்பதனால். அறிந்தவரே அறியேன் என்றால் நம்பிக்கை எங்கே நிற்கும்? அவ்வாறு எண்ணுவது இயல்பே. எனினும், கழுத்து நாடியினதும் கால் நாடியினதும் சிகிச்சை வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்த்தால் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது.

•

அடைபட்ட கழுத்து நாடியைத் திறந்து சீராக்குவது புதிய விடயமல்ல. 1954இலேயே லண்டன் சென்ற் மேரிஸ் வைத்தியசாலையின் வைத்தியர்கள், அடைபட்ட பகுதியை அகற்றி நாடியை மீள இணைத்த செய்தியை வெளியிட்டனர். பின்னர், நாடியைக் கீறி உள்ளேயிருக்கும் படிவைச் சுரண்டி எடுக்கும் முறை பரவியது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் இந்தச் சத்திரசிகிச்சை ஒரு இலட்சத்துக்கும் அதிகமான தடவைகள் செய்யப்பட்டது. அது நோயாளிக்கு நன்மை தருகிறதா என்பதை உறுதிப்படுத்தும் ஆய்வு அப்போது கையில் இல்லை. தர்க்கம் மட்டுமே இருந்தது. குழாய் அடைத்திருக்கிறது, சுத்தம் செய்தால் தண்ணீர் ஓடும் என்ற தர்க்கம்.

ஆனால் மனித உடல் குழாய் அல்ல. படிவைச் சுரண்டும்போது ஒரு துணுக்கு கழன்று மூளைக்குப் போனால், எந்தப் பாரிசவாதத்தைத் தடுக்க முயன்றோமோ அதையே நாம் உண்டாக்கிவிடுகிறோம். ஆகவே, பத்துப் பேரைக் காப்பாற்ற எத்தனை பேருக்குத் தீங்கு செய்கிறோம் என்று எண்ணிப் பார்த்தாக வேண்டும். எண்ணாமல் செய்துகொண்டே போவது துணிச்சல், அறிவு அல்ல.

எண்ணிப் பார்த்ததன் முதற் பலன் பலருக்குக் கசப்பாக இருந்தது. கரோட்டிட் நாடி முழுதாக அடைபட்டவர்களுக்கு, உச்சந்தலைத் தோலின் நாடியொன்றை மண்டையோட்டினூடாக எடுத்து மூளை நாடியுடன் இணைக்கும் பைபாஸ் சத்திரசிகிச்சையை 1967இல் சூரிச் நகரில் யாசர்கில் என்ற நிபுணர் செய்துகாட்டினார். நுட்பமான, அழகான வேலை. உலகெங்கும் அது பின்பற்றப்பட்டது. கனடாவின் ஹென்றி பார்னெட் தலைமையில் 1377 நோயாளிகளை எழுமாறாகப் பிரித்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1985இல் வெளிவந்தது. இணைக்கப்பட்ட நாடிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு அடைபடாமல் இயங்கின. அப்படியிருந்தும் பாரிசவாதம் குறையவில்லை. வேலை வெற்றி, பயன் இல்லை.

சத்திரசிகிச்சை நிபுணர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். தகுதியான நோயாளிகள் பலருக்கு ஆய்வுக்கு வெளியிலேயே சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருந்தது. ஆகையால் ஆய்வின் முடிவு எல்லோருக்கும் பொருந்தாது என்று வாதிட்டார்கள். அந்த வாதத்தில் ஓர் உண்மை இருக்கலாம். ஆனால் அதற்குள்ளேயே ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் இருக்கிறது. ஆய்வுக்கு வெளியே சத்திரசிகிச்சை பெற்றவர்களும் பரீட்சிக்கப்பட்டவர்களே. எவரும் அவர்களிடம் அதைச் சொல்லவில்லை. எவரும் எண்ணி எழுதி வைக்கவுமில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கேதான் நமது முதற் கேள்வி தலைகீழாகிறது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லிச் செய்வதும் பரீட்சார்த்தமே. அதில் சம்மதம் இல்லை, கணக்கு இல்லை, நிறுத்துவதற்கு ஆளும் இல்லை. குலுக்கலை ஏற்காத வைத்தியர் நோயாளியைப் பரீட்சார்த்தத்திலிருந்து காப்பாற்றிவிடவில்லை. அதை அவர் மறைத்துச் செய்கிறார்.

•

அதே பார்னெட்தான் நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட ஆய்வையும் நடத்தினார். பைபாஸை வீழ்த்தியவர் கழுத்துச் சத்திரசிகிச்சையையும் வீழ்த்துவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 70 வீதத்துக்கு மேல் அடைபட்ட, ஏற்கெனவே எச்சரிக்கை வந்த 659 நோயாளிகளில், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்கப் பாரிசவாதம் வரும் அபாயம் 26 வீதம். சத்திரசிகிச்சையும் பெற்றவர்களுக்கு 9 வீதம். வேறுபாடு இத்தனை தெளிவாகத் தெரிந்ததும், 1991 பெப்ரவரியில் அந்தப் பிரிவினருக்கான ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டு வைத்தியர்களுக்கு அறிவிக்கப்பட்டது. அடைப்பு 50 வீதத்துக்குக் குறைவாக இருந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சையால் பயனில்லை என்பதும் 1998இல் தெரியவந்தது.

இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் இந்த மகிழ்ச்சியினுள்ளே ஒரு முள் இருக்கிறது. குலுக்கலில் மருந்துப் பக்கம் விழுந்தவர்கள் 331 பேர். அவர்களுள் சிலர் கை விளங்காமல் போனார்கள், சிலர் பேச்சிழந்தார்கள். மற்றப் பக்கம் விழுந்திருந்தால் அவர்களிற் பலர் நலமாக இருந்திருக்கக்கூடும். அவர்களுக்கு என்ன பதில்?

மொன்றியால் நகரில் பணியாற்றிய அறவியலாளர் பெஞ்சமின் ஃபிரீட்மன் 1987இல் ஒரு பதில் சொன்னார். தனியொரு வைத்தியரின் மனதில் சாய்வு இருக்கலாம், அது இயற்கை. ஆனால் துறையின் அறிஞர்கள் நேர்மையாகவே இரு பக்கமாகப் பிரிந்து நிற்கும்போது, எந்தப் பக்கம் விழுந்தாலும் நோயாளிக்குத் தெரிந்தே குறைந்த சிகிச்சை கொடுக்கப்படவில்லை. அந்தச் சமநிலை உள்ளவரை குலுக்கல் ஆகும். அது குலைந்த நாளில் நிறுத்தியாக வேண்டும். இதனாற்றான் சிகிச்சை செய்பவரல்லாத ஒரு தனிக் குழு, இடைக்கிடையே கணக்கைப் பார்க்கிறது.

இந்தப் பதில் சரியானது என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் இது முழுமையானதல்ல. அநீதி இழைக்கப்படவில்லை என்பது வேறு, கடன் இல்லை என்பது வேறு. அந்த 331 பேருக்கு எவரும் அநீதி இழைக்கவில்லை. எனினும் அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

•

கழுத்தை விட்டுக் காலுக்கு வருவோம். நீரிழிவும் புகைத்தலும் கால் நாடிகளை அடைக்கின்றன. முதலில் நடக்கும்போது கெண்டைக்காலில் வலி. பிறகு இரவில் படுத்திருக்கும்போதும் வலி. பிறகு ஆறாத புண். பிறகு கறுத்த விரல். அந்நிலையில் காலைக் காப்பாற்ற இரு வழிகள் உள்ளன. நோயாளியின் சொந்த நாளமொன்றை எடுத்து அடைப்பைச் சுற்றி பைபாஸ் போடலாம். அல்லது பலூன், ஸ்டென்ட் கொண்டு உள்ளிருந்தே திறக்கலாம். எது மேல்?

2022இல் வெளியான பெஸ்ட்-சீஎல்ஐ என்ற ஆய்வில் 1830 பேர் பங்குபற்றினர். நல்ல நாளம் உள்ளவர்களுள், பைபாஸ் பெற்றோரில் 42.6 வீதத்தினருக்கும் பலூன் வழி பெற்றோரில் 57.4 வீதத்தினருக்கும் பாதகமான முடிவு ஏற்பட்டது. பைபாஸ் வென்றது. அடுத்த ஆண்டே பிரித்தானியாவை மையமாகக் கொண்ட பேஸில்-2 ஆய்வு வெளிவந்தது. முழங்காலுக்குக் கீழுள்ள நாடிகள் அடைபட்ட 345 பேரில், காலை இழந்தோ உயிரிழந்தோ போனவர்கள் பைபாஸ் பக்கம் 63 வீதம், பலூன் பக்கம் 53 வீதம். பலூன் வென்றது.

அப்படியானால் எல்லாம் வீண்தானா? இல்லை. இரண்டு ஆய்வுகளிலும் நோயாளிகள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். அதைவிட முக்கியமானது, இரண்டும் எண்ணியது ஒன்றையல்ல. முதலாவது ஆய்வு மரணத்தையும் கால் இழப்பையும் மட்டுமல்ல, பெரிய மறு சிகிச்சையையும் தோல்வியாக எண்ணியது. இரண்டாவது மரணத்தையும் கால் இழப்பையும் மட்டும் எண்ணியது. எதைத் தோல்வி என்பது? இரண்டாம் முறை சிகிச்சை மேசையில் ஏறுவது ஒருவருக்குத் தோல்வி. காலோடு பள்ளிவாசற் படி ஏற முடிந்தால் மூன்றாம் முறையும் ஏறத் தயார் என்பார் இன்னொருவர். இந்தத் தெரிவைப் புள்ளிவிபரவியல் செய்து தராது. 'வெற்றி' என்ற சொல்லின் பொருளை ஆய்வு தொடங்குமுன் யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். அந்த மேசையில், காலை இழக்கப்போகும் மனிதருக்கும் ஓர் ஆசனம் இருக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

இன்னொரு சம்பவமும் நினைவில் வைக்கத்தக்கது. கால் நாடி மறுபடி அடைபடாதிருக்க பக்லிடக்செல் என்ற மருந்து பூசிய பலூன்கள் புழக்கத்துக்கு வந்தன. 2018 டிசம்பரில், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை, மருந்து பூசியவை பெற்றோரிடையே சில ஆண்டுகளின் பின் மரணம் அதிகமெனச் சொன்னது. உலகம் திடுக்கிட்டது. ஆராயப் போனபோது வெளிப்பட்ட ஒரு குறை, பங்குபற்றியவர்களிற் பலர் பின்னர் என்னவானார்கள் என்ற பதிவு இல்லாமையாகும். அவர்களைத் தேடிக் கணக்கிற் சேர்க்கச் சேர்க்க அபாயம் சுருங்கிற்று. சுவீடனில் 2289 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் மரணத்தில் வேறுபாடு காணவில்லை. 2023 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகமும் கிடைத்த சான்றுகள் மேலதிக மரணத்தைக் காட்டவில்லை என்று அறிவித்தது. பயம் நீங்கியது, பாடம் நீங்கக்கூடாது. தன் உடலை ஆய்வுக்குத் தந்தவர் ஓர் அமானிதம். பலூன் விரிந்து கால் சூடேறியதும் அவரை மறந்துவிடுவது அமானிதத்தைத் தொலைப்பதாகும்.

•

சம்மதம் பற்றியும் ஒரு வார்த்தை. 1964இல் உருவாகி, 2024 வரை பலமுறை திருத்தப்பட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம், அறிவியலின் நலன் நோயாளியின் நலனை மிஞ்சலாகாது என்கிறது. சுயவிருப்பான சம்மதம் வேண்டும் என்கிறது. சொல்வது எளிது. கறுத்த விரலோடு கட்டிலிற் கிடப்பவர் எதைக் கேட்டாலும் தலையசைப்பார். நமது வீடுகளில் மூத்த மகன் கையெழுத்து வைப்பான். வாப்பாவிடம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பலர், வைத்தியர் எதைச் செய்தாலும் அது தனக்கென்றே தேர்ந்தெடுத்தது என்று நம்புவர். குலுக்கல் என்று படிவத்தில் எழுதியிருந்தாலும் மனம் அதைப் படிக்காது. எனவே சம்மதம் என்பது கையொப்பமல்ல. "எனக்குத் தெரியாது" என்ற வாக்கியம் நோயாளியின் காதில் விழுந்து, மனதில் இறங்கி, அதன் பிறகும் அவர் "சரி" என்றால் மட்டுமே அது சம்மதம்.

இறுதியாக, நம்மைப் பற்றிய கேள்வி. மேற்சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ ஒருவரின் கழுத்து நாடியைத் திறப்பதா என்று இன்று தீர்மானிக்கும்போது, முகம் தெரியாத அந்த மனிதர்களின் உடல்களிலிருந்து பெற்ற அறிவையே வைத்தியர் பயன்படுத்துகிறார். பழத்தை உண்கிறோம், மரம் நட்டவர்களை அறியோம். அது மட்டுமல்ல, நம்முடைய உடல், உணவு, நீரிழிவு, காலங்கடந்து வைத்தியசாலை போகும் வழக்கம் ஆகியவை அந்தக் கணக்குகளில் மிகக் குறைவாகவே இடம்பெற்றிருக்கின்றன. இலங்கையில் 2006 தொடக்கம் சிகிச்சைப் பரீட்சார்த்தங்களுக்கென ஒரு பதிவேடு இருந்து வருகிறது. எங்களை எலிகளாக்காதீர்கள் என்று கோபிப்பதற்கு வரலாற்றில் நியாயம் உண்டு. ஆனால் அக்கோபம் மட்டுமே நமது நிலைப்பாடு என்றால், பிறர் சுமந்த பாரத்தின் பயனை மட்டும் கேட்பவர்களாகிவிடுவோம். கேள்வி கேட்டு, விளங்கி, மறுக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, சிலவேளை "சரி" என்று சொல்வதும் ஒரு தருமமே.

தொடக்கத்தில் நாம் விட்டுவந்த அந்த மனிதர் இன்னும் கட்டிலில் அமர்ந்திருக்கிறார். எல்லாம் தெரிந்தவர்போற் பேசிய எத்தனையோ பேரை அவர் வாழ்க்கையிற் பார்த்திருப்பார். வைத்தியரோ தெரியாது என்கிறார். தெரியவரும்வரை எண்ணுவேன், உங்களை விட்டு அகலமாட்டேன், தீங்கு தெரிந்த நாளில் நிறுத்துவேன் என்கிறார். இந்த மூன்று வாக்குகளும் காப்பாற்றப்படுமானால் அந்தக் குலுக்கலில் அநியாயம் இல்லை. ஒன்றேனும் மீறப்படுமானால், எத்தனை உயர்ந்த முடிவு வந்தாலும் அது நியாயமாகாது.