ஐந்தாவது பங்கு

பங்குனி பிறந்துவிட்டால், எங்கள் மும்பை அணுசக்தி நகர் குடியிருப்பில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்குள் ஒரே பேச்சுதான். உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு யார் யார் போகிறார்கள், ரயிலா வண்டியா, எவ்வளவு ஆகும், எதில் மிச்சம் பிடிக்கலாம்? தாதரிலிருந்து போகும் சாளுக்கியா எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காதவர்கள் வண்டிதான் எடுக்க வேண்டும். வாஷி பாலம் தாண்டினால் புனே, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, சித்ரதுர்கா, தும்கூர், பெங்களூர், ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி வரை 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அங்கிருந்து சேலம், மதுரை என்று தெற்கே 44ஆம் எண். திருநெல்வேலி போய்ச் சேர ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர்.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டு வரவு செலவு நோட்டும் என் கையில்தான். அதனால் டோல், பெட்ரோல், லாட்ஜ் என்று யோசனை கேட்க வருவார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சாமி கும்பிடப் போகிற வழியில் சிக்கனம் பார்ப்பது சரியா? சரி என்றால், எது வரைக்கும்?

நம் வீடுகளில் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. "சாமி காரியத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது" என்பது ஒன்று. "பக்தி மனசில் இருந்தால் போதும், பணத்தை எதுக்கு இறைக்கணும்?" என்பது இன்னொன்று. முதல் பதிலைச் சொல்லிக்கொண்டு கடன் வாங்கிக் கொடை நடத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன், இரண்டாவதைச் சொல்லிக்கொண்டு பூக்காரியிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருமே செலவு கூடவா குறைச்சலா என்றுதான் பார்க்கிறார்கள். அந்தப் பணம் யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்ப்பதில்லை.

திருக்குறளில் இல்வாழ்க்கை என்ற அதிகாரம், குடும்பஸ்தனின் பொறுப்பை ஐந்தாகப் பிரிக்கிறது. மறைந்த முன்னோர், தெய்வம், வந்த விருந்தினர், சுற்றத்தார், கடைசியாகத் தான். தன்னைக் கவனித்துக்கொள்வதையும் கடமை என்றே வள்ளுவர் சொல்கிறார். ஆனால் வரிசையில் ஐந்தாவதாக வைக்கிறார். குலதெய்வக் கோயிலுக்குப் போகும் பயணத்தில் இந்த ஐந்துமே ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. பாட்டன் பூட்டன் கும்பிட்ட இடத்துக்குப் போகிறோம். தெய்வத்தைப் பார்க்கிறோம். வழியில் யார் யாரோடோ உண்கிறோம். பங்காளிகளைச் சந்திக்கிறோம். நமக்கும் ஊர்க் காற்று கிடைக்கிறது. ஆகவே என் முடிவு இது: மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம், ஆனால் ஐந்தாவது பங்கில்தான் கை வைக்க வேண்டும். மற்ற நான்கும் நம்முடைய சேமிப்புக்கு ஏற்பட்டவை இல்லை.

ஐந்தாவது பங்கில் மிச்சம் பிடிக்க நிறைய வழி உண்டு. புறப்படும் முன் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழை இலையும் காப்பிப் பொடியும் வாங்கிவிடுவேன். முதல் நாள் காலைக்கு மிளகாய்ப்பொடி நல்லெண்ணெயில் புரட்டிய இட்லி, மத்தியானத்துக்குப் புளியோதரை. புளிக்காய்ச்சலை முதல் நாள் இரவே கிண்டி, சாதத்தை விடியற்காலையில் வடித்து ஆறவிட்டுக் கலந்தால் இரவு வரை கெடாது. சாத்தாரா தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தால் வயிறும் நிறையும், காலும் நீளும். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைப் பின்னால் வைத்துவிட்டால் வழியெல்லாம் பாட்டில் வாங்க வேண்டாம்.

பெட்ரோலும் அப்படித்தான். எங்கள் மாடியில் இருக்கும் விஞ்ஞானி ஒருவர் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வார்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். எண்பதில் போகிற வண்டியை நூறுக்கு ஏற்றினால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். நிதானமாகப் போனால் பெட்ரோலும் மிச்சம், உயிருக்கும் நல்லது. சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்திருக்கிறது. அறிமுகமானபோது 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அது வரைக்கும். இதிலெல்லாம் யாருக்கும் நஷ்டமில்லை. நம் நாக்கையும் அவசரத்தையும் கொஞ்சம் அடக்குகிறோம், அவ்வளவுதான். விரதமிருக்கிறவன் செய்வதும் இதுதான். அதனால் இந்தச் சிக்கனத்தை வழிபாட்டின் பகுதி என்றே எண்ணுகிறேன்.

அடுத்தவர் பங்கில் கை வைக்கும் சிக்கனம் வேறு. ஒரு வருஷம் மாமாவும் அத்தையும் கூட வந்ததால் பெரிய வண்டி வாடகைக்கு எடுத்தோம். டிரைவர் தம்பி தாராவியில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் கோவில்பட்டிப் பக்கம். சித்ரதுர்கா அருகே இரவு ஒரு லாட்ஜில் இறங்கினோம். டிரைவருக்கு இடம் கிடையாது, வேண்டுமானால் தனி அறை எடுங்கள் என்றார்கள். கூட வந்த உறவினர் ஒருவர், "அவன் வண்டியிலேயே படுத்துக்குவான், பழக்கம்தான்" என்றார். தம்பியும், "பரவாயில்லக்கா, நான் சீட்டைச் சாய்ச்சுப் படுத்துக்கிறேன்" என்று போர்வையை எடுத்துவிட்டார். அத்தை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு நம்ம அத்தனை உசுரும் அவன் கண்ணுலதான இருக்கு. அவன் காலை நீட்டிப் படுக்க எடம் பார்த்துட்டு என்னைக் கூப்பிடு" என்றார். தனி அறை எடுத்தோம். மாமா சாவியைத் தம்பி கையில் கொடுத்து, "குளிச்சிட்டுப் படுப்பா, காலையில மெதுவாக் கிளம்பலாம்" என்றார்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் வகுத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு நாள் வாடகை மிச்சமாகும் என்று ராத்திரி பூராவும் ஓட்டச் சொல்கிற குடும்பங்கள் இருக்கின்றன. பேட்டாவில் நூறு ரூபாய் குறைக்கிறவர்களும், சுங்கச்சாவடிக் கழிப்பறையைக் கழுவும் அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் சாஸ்தாவுக்குப் பட்டு சாத்தினால் அந்தப் பட்டு யாருடையது? டிரைவரின் தூக்கத்தை விற்று வாங்கியது. அதை நம் காணிக்கை என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

இதைவிடச் சிக்கலானது அன்னதானம். தமிழ்நாட்டுக் கோயில்களில் 2002 முதல் அரசின் அன்னதானத் திட்டம் நடக்கிறது. கையில் காசுள்ளவர்கள் அந்தப் பந்தியில் உட்காரலாமா? "வசதி இல்லாதவங்க சாப்பிடட்டும், நமக்கு எதுக்கு?" என்று விலகுகிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வசதியுள்ளவர்கள் எல்லோரும் எழுந்து போய்விட்டால், அந்தப் பந்தி ஏழைகளின் வரிசையாகிவிடும். அதில் உட்காருகிறவர் தலைகுனிய வேண்டி வரும். எல்லோரும் கலந்து உட்காரும்போதுதான் அது பிரசாதமாக இருக்கிறது. ஆகவே உட்கார வேண்டும். ஹோட்டல் செலவை மிச்சப்படுத்த மதியம் எந்தக் கோயில், இரவு எந்தக் கோயில் என்று நேரம் பார்த்துப் போகிறவர்களும் உண்டு. அவர்களும் அதே பந்தியில்தான் உண்கிறார்கள், ஆனால் விருந்தினர் பங்கைத் தங்கள் நோட்டில் லாபமாக எழுதிக்கொள்கிறார்கள். நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அன்று ஹோட்டலில் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அதற்குக் குறையாமல் அன்னதான உண்டியலில் போடுகிறோம்.

வழிப்போக்கருக்குச் சோறு போடுவது நம் மண்ணில் பழைய தர்மம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். தஞ்சை இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். ராமேசுவரம் போகிற யாத்திரிகர்கள் தங்கி உண்ட இடம் அது. மராட்டிய நாட்டு அகல்யாபாய் ஹோல்கர் காசி முதல் ராமேசுவரம் வரை தர்மசாலைகளுக்குக் கொடுத்தார். 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. இவர்கள் யாரும் வந்தவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. பசியோடு வந்தவர் யாராக இருந்தாலும் விருந்தினர் என்றே நடத்தினார்கள். கேட்காத வீட்டில், நம் அளவை நாமே தெரிந்து நடந்துகொள்வதுதான் மரியாதை.

நாங்கள் போகும் சாலையிலேயே இதற்கு உயிருள்ள சாட்சி இருக்கிறது. தும்கூரை ஒட்டிய சித்தகங்கா மடத்தில் பல ஆயிரம் பிள்ளைகள் சோறும் படிப்பும் தங்குமிடமும் இலவசமாகப் பெறுகிறார்கள். 2019 ஜனவரியில் தம் 111ஆம் வயதில் மறைந்த சிவகுமார சுவாமிகள் வளர்த்த இடம் அது. போகிற வருகிறவர்களுக்கும் அங்கே சாப்பாடு உண்டு. ராகிக் களி உருண்டையும் சாம்பாரும் சோறும் போடுவார்கள். சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. இந்த வழக்கம் பன்னிரண்டாம் நூற்றாண்டு பசவண்ணரின் போதனையிலிருந்து வருகிறது. பிஜ்ஜள மன்னனின் கருவூலத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர். பணத்தின் நடமாட்டம் தெரிந்தவர். உழைத்துச் சம்பாதி, உன் தேவைக்கு எடுத்துக்கொள், மீந்ததை அடியார்க்குப் போய்ச் சேரவிடு என்பதே காயகம், தாசோகம் என்ற இரண்டின் சாரம். சிக்கனத்துக்கு இங்கே ஒரு பொருள் கிடைக்கிறது. தேவையைச் சுருக்கினால்தான் மீதி இருக்கும். மீதி இருந்தால்தான் கொடுக்க முடியும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாராவியிலிருந்து முன்பதிவில்லாப் பெட்டியில் கால் வைக்க இடமில்லாமல் ஊருக்குப் போகிற குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய ஐந்தாவது பங்கு ஏற்கெனவே சுருங்கி எலும்பாகிக் கிடக்கிறது. அவர்கள் அன்னதானத்தில் மனநிறைவோடு உண்ணட்டும், உண்டியலில் ஒரு ரூபாய் போட்டால் அதுவே பெரிது, போடாவிட்டாலும் குறையில்லை. இந்தக் கணக்கு, மாதச் சம்பளமும் பென்ஷனும் வாங்குகிற எங்களைப் போன்றவர்களுக்கானது.

இந்தப் பங்குனிக்கும் பலர் வண்டி பேசியிருப்பீர்கள். நன்றாக மிச்சம் பிடியுங்கள். இட்லி கட்டிக்கொள்ளுங்கள், நிதானமாக ஓட்டுங்கள், ஏ.சி. இல்லாத அறையில் ஒரு ராத்திரி தூங்குங்கள். ஊர் வந்து சேர்ந்ததும் மிச்சமானது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்து, அதில் ஒரு பகுதியைக் கோயில் அடுப்புக்குக் கொடுத்துவிடுங்கள். வழியில் எங்கே தங்கினாலும், டிரைவர் காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உங்கள் அறைக் கதவைச் சாத்துங்கள்.